இரண்டாவது ஆள்

"கண்ணாடி இல்லாம நூலகத்துல எப்படிம்மா வேலை பார்க்கிறே?"

"புத்தகத்தை மூக்குகிட்ட கொண்டுபோய்தான் தலைப்பையே படிக்கிறேன். வர்றவங்க, நான் மோந்து பார்த்து அடுக்குறேன்னு நினைச்சுக்கிறாங்க."

தொலைபேசியின் இரண்டு முனையிலும் சிரிப்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"அலமாரியிலதான் விட்டுட்டுப் போயிருக்கே. அனுப்பி வைக்கிறேன், முகவரி சொல்லு."

"அது மட்டும் வேண்டாம்மா. யாருக்கும் தெரியாம இருக்கிற வரைக்கும்தான் எனக்குத் தூக்கம். பக்கத்துல யாரும் இல்லையே?"

"யாரும் இல்லை. நான் மட்டும்தான்."

அதுதான் கடைசிப் பேச்சு. அடி பொறுக்க முடியாமல் மாற்றுத்துணி இரண்டோடு வேறு ஊருக்குப் போய் ஒளிந்திருந்தவள். அந்தப் பேச்சுக்குப் பதினோராம் நாள் அவள் கணவன் அங்கே போய்க் கதவைத் தட்டினான். அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் இப்போது சிறையில்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாள், தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் காசுக்கு முகவரி தரும் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு வந்தாள். இறந்தவளின் எண்ணைக் கொடுத்து நடந்ததைச் சொன்னதும், மேசைக்கு அந்தப்புறம் இருந்த இளைஞன் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

"அந்தப் பொண்ணு முகவரி உங்ககிட்ட எப்படித் தம்பி வந்துச்சு?"

"அந்த ஊர் மளிகைக் கடையில தள்ளுபடி அட்டைக்கு போன் நம்பரோட எழுதிக் கொடுத்திருக்காங்க. கடைக்காரங்க எங்களுக்கு வித்துட்டாங்க. படிவத்துல பொடி எழுத்துல சம்மதம்னு ஒரு வரி இருக்கும். யாரும் படிக்கிறதில்லை."

"அப்ப அவகிட்ட கண்ணாடி இல்லை" என்றாள்.

அவனுக்கு அது விளங்கவில்லை.

"இப்பவாவது அவ முகவரியை உங்க பட்டியல்லேருந்து எடுத்துடுங்களேன்."

"சம்பந்தப்பட்டவங்களே கையெழுத்துப் போட்டுக் கேட்கணும்மா. அதுதான் கம்பெனி விதி. எடுத்தே ஆகணும்னு அரசாங்கம் ஒரு சட்டம் போட்டா அன்னைக்கே எடுத்துடுவோம். போடலையே."

"சரி. யார் வாங்கினாங்கன்னாவது சொல்லுங்க."

"வாங்கினவங்க விவரம் ரகசியம்மா. வெளியே விட மாட்டோம்."

"அவ குடியிருந்த வீடு ரகசியம் இல்லை. வாங்கினவங்க பேருதான் ரகசியமா?"

இளைஞன் மேலதிகாரியின் அறையைத் திரும்பிப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கணினியின் விசைகளைத் தட்டினான்.

"பெத்த மனசு, எனக்குப் புரியுது. ஒரே ஒருத்தர்தான் வாங்கியிருக்காங்க. சம்பவத்துக்கு ஒன்பது நாள் முன்னாடி."

"இன்னும் ஒருத்தர் இருக்கணும். நல்லா பாருங்க தம்பி."

"ஒருத்தர்தாம்மா."

"அப்புறமா ஒரு நாள் வாங்கியிருக்கலாம். ரெண்டாவது ஆள் ஒருத்தன் இருக்கணும்."

"மூணு தடவை பார்த்துட்டேன். பேர் இல்லை, போன் நம்பர் மட்டும்தான். அவனாத்தான் இருக்கும். சிறையில இருக்கிறவன் போனை யாராவது வெச்சிருப்பாங்க. இருங்க, நானே கேட்கிறேன்."

"வேண்டாம் தம்பி."

அதற்குள் அவன் எண்ணைத் தட்டிவிட்டான்.

அவள் மடியிலிருந்த துணிப்பைக்குள் மணி அடித்தது.

அவள் எடுக்கவில்லை. அவன் கையிலிருந்த போனைக் காதிலிருந்து இறக்கவும் மறந்து அவளையே பார்த்தான். மணி அடித்து ஓய்ந்தது.

"நான் அவளைப் பெத்தவ இல்லை. அவனைப் பெத்தவ" என்றாள். "அவனே தேடிப் பிடிச்சிருப்பான்னுதான் இத்தனை நாளா சோறு இறங்குச்சு. கண்ணாடியை அனுப்பின ரசீதை, அவ முகவரியோட, அவனும் இருக்கிற வீட்டுல என் தலையணைக்கு அடியிலதான் வெச்சிருந்தேன்."

திரையில் அவள் மருமகளின் பெயர், கதவு எண், தெரு. அதன் கீழே பச்சை எழுத்தில் ஒரு வரி: 'தற்போது இங்கே வசிக்கிறார்.'