தீனி: இரண்டு

எழுபது தாண்டியவர்கள் வீட்டில் ஏசி ஓடக்கூடாது என்று சட்டம் வந்த கோடையில்தான் எனக்குப் பாம்பு வளர்க்கும் ஆசை வந்தது. மலைப்பாம்புப் பண்ணைக்கு மட்டும் ஏசி மின்சாரம் இலவசம். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதுவான ஜாதியில் ஒரு ஜோடி வாங்கினேன். நானும் என் மனைவி நிவேதாவும் கட்டிலைப் பாம்பறைக்கு மாற்றினோம். வெளியே வேலூர் ஐம்பத்திரண்டு டிகிரியில் வெந்தது.

செலவெல்லாம் எலிக்குத்தான். ஓய்வூதியத்தில் பாதி அதற்கே போனதால் நாங்கள் ஒருவேளைக் கஞ்சிக்கு வந்தோம்.

"பேசாம அந்த எலியையே ரசம் வெச்சிடட்டுமா?" என்பாள் நிவேதா.

பண்ணை ஆய்வாளர் வந்து கட்டிலைப் பார்த்தார்.

"பெரியவரே, படிவத்துல பாம்பு, முட்டை, தீனி மூணுதான் இருக்கு. உங்க ரெண்டு பேரையும் எதுல போட?"

"தீனியில போடுங்க சார்."

"இளசாத்தான் தின்னுமாம். என்னை முதல்ல எழுதுங்க," என்றாள் நிவேதா.

அவர் சிரிக்காமல் 'தீனி: இரண்டு' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த சித்திரையில் பாம்புகள் எலியைத் தொட மறுத்தன. தின்னாத பாம்புக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். வேறு ரக எலி வாங்க உச்சிவெயிலில் வரிசையில் நின்ற நிவேதா, அங்கேயே சரிந்து போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் ஆய்வாளர் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்து எண்ணினார்.

"தீனியில ஒண்ணு குறையுதே. நல்லா சாப்பிடுதுங்க போல," என்று உரிமத்தை ஓராண்டு நீட்டித்துக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டுக்கும் ஒன்று கைவசம் இருக்கிறது.