ஆஃப் ஆகாத வண்டி

"கனமான ஃப்ளைவீல் வேண்டாம் தம்பி. லேசானதையே போட்டுடுங்க" என்றார் டிரைவிங் ஸ்கூல் அக்கா.

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஸ்கூல் காரின் எஞ்சின் செத்துப்போய், வண்டி உடைக்கிற இடத்திலிருந்து வேறொரு எஞ்சின் வாங்கி வந்து பிரித்துப் போட்டிருந்தார். பிஸ்டன் புதுசு, ரிங் புதுசு, பேரிங் புதுசு. எதிலும் அக்கா கையைச் சுருக்கவில்லை. இந்த ஒரு சாமானில்தான் தகராறு.

மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற சக்கரம் இது. பழைய எஞ்சினில் இருந்தது கனம், வந்த எஞ்சினில் இருப்பது லேசு, ரெண்டும் பொருந்தும். கனமானதைப் போட்டால், கிளட்சிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தாலும் எஞ்சின் சமாளித்துக்கொள்ளும். லேசானது ரோஷக்கார மாப்பிள்ளை மாதிரி. கால் கொஞ்சம் தப்பாகப் பட்டாலும் ஆஃப்.

"கத்துக்க வர்றவங்க ஓட்டுற வண்டி, அக்கா. கனமானதுதானே சரி?"

"ஆஃப் ஆனா ஆகட்டும்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் அக்கா.

பக்கத்தில் தகரம் தட்டிக்கொண்டிருந்த டிங்கர் சிரித்தார். "இதுகூடவா புரியல உனக்கு? வண்டி ஆஃப் ஆனா பயம் வரும். பயம் வந்தா கிளாஸ் நீளும். கிளாஸ் நீண்டா ஃபீஸும் நீளும்."

மெக்கானிக்குக்கு ஆத்திரம் வந்தது. காரணம், திங்கட்கிழமை அந்த ஸ்கூலில் சேரப் போவது அவர் மனைவி. நர்சரி பள்ளியில் வேன் ஓட்டும் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. மாசக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டினால் வேலை. இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அவர் கனமான ஃப்ளைவீலை எடுத்து மாட்டினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. எஞ்சினை மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியப் போகிறது?

அடுத்த வாரக் கடைசியில் ஸ்கூல் கார் பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தது அவர் மனைவிதான். குலுங்காமல் பூ மாதிரி கொண்டுவந்து நிறுத்தினாள். மெக்கானிக்குக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து சீட்டிலிருந்து அக்கா இறங்கினார்.

"தம்பி, வண்டியில ஏதோ கோளாறு. ஆஃப் ஆகவே மாட்டேங்குது."

டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். இப்படி ஒரு கம்ப்ளெய்ன்ட்டை அவர் ஆயுசில் கேட்டதில்லை.

மெக்கானிக் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். கனமானதை வேண்டுமென்றேதான் போட்டதாகச் சொன்னார். கத்துக்க வருகிற பெண்களைப் பயமுறுத்திப் பயமுறுத்தி ஃபீஸ் கறப்பதற்கும் ஒரு அளவு இருக்கிறது என்றார்.

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க, அக்காகிட்ட ஃபீஸ் ஒரே தடவைதான். அதுக்கப்புறம் லைசென்ஸ் வாங்குற வரைக்கும் எத்தனை நாள் வந்தாலும் சும்மாதான் சொல்லித் தர்றாங்க. பெட்ரோலும் அவங்களோடது."

டிங்கர் திடீரென்று தன் வேலை ஞாபகம் வந்தவராய்ப் போய்விட்டார்.

மெக்கானிக்குக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் விடவில்லை. அப்படியென்றால் ஆஃப் ஆகாத வண்டி அக்காவுக்கும் நல்லதுதானே, ஆளைச் சீக்கிரம் டெஸ்ட்டுக்கு அனுப்பிவிடலாமே, இவளும் பாஸாகிவிடுவாளே என்று இழுத்தார்.

"தாராளமா பாஸாயிடுவாங்க." அக்கா வண்டிச் சாவியை அவர் கையில் வைத்தார். "ஆனா அந்த வேன் ஒருநாள் மேட்டுல ஆஃப் ஆகும் தம்பி. உள்ள பிள்ளைங்க கத்தும், பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். உங்க வீட்டம்மாவுக்கு அதுதான் முதல் தடவையா இருக்கணுமா? முதல் அம்பது தடவையும் நான் பக்கத்துல உக்காந்திருக்கும்போதே ஆகிடட்டும்."