அண்ணன் என்ன ஆனான்?

ஆராய்ச்சிப் பண்ணையில் இனிப்புக் கரும்பின் பூவையும் காட்டு நாணலின் பூவையும் சேர்த்துக் கட்டிப் பிறக்கவைத்த கரும்பு அது.

"என் இனிப்பு அப்படியே இறங்கியிருக்கு. பிள்ளை சர்க்கரைதான் ஆவான்," என்று அம்மா கரும்பு பீற்றிக்கொள்ளும்.

"உடம்பெல்லாம் என் நார். எத்தனால் எரிபொருள் ஆகி வண்டி ஓட்டுவான்," என்று அப்பா நாணல் முறைக்கும்.

பிள்ளைக்கோ வேறு குடைச்சல். போன வருஷம் வெட்டிக்கொண்டு போன அண்ணன் என்ன ஆனான்?

அறுவடையன்று ஆலை லாரி வந்தது. டிரைவர் வரப்பில் உட்கார்ந்து, சர்க்கரை தூக்கலான டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

ஏற்றியதும் ஏற்றாததுமாகக் கரும்பு லாரியிடம் கேட்டது: "எங்க அண்ணன் சர்க்கரை ஆனானா, எத்தனால் ஆனானா?"

"ரெண்டும்தான். பாதி அந்த டீயில இருக்கான், மீதி என் எத்தனால் டேங்க்ல இருக்கான்," என்றது லாரி. "உன்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கிறதே அவன்தான்."