நடத்துநர் வாங்கிக்கொண்ட சீசா

திரையிட்ட சிகிச்சையறையில், பதினேழு ஆண்டுகளாகப் பேருந்து நடத்துநராக இருக்கும் பெண்மணி அசையாமல் படுத்திருக்கிறார். அடிவயிற்றின்மேல் பதிந்த கருவியின் நீர்மெத்தை வழியே அதிர்வலைகள் ‘டக், டக்’ என இறங்கி, கத்தியின்றியே சிறுநீர்ப்பைக் கல்லை உடைக்கின்றன. ஒவ்வோர் அடிக்கும் அவர் விரல்கள், பயணச்சீட்டுக் கிழிப்பதுபோல், போர்வையோரத்தைச் சுண்டுகின்றன. “வலிக்குதாக்கா? நிறுத்தட்டுமா?” என்று கருவியை இயக்கும் இளைஞர் கேட்கிறார். “ஸ்டாப் வந்தா நானே விசில் அடிக்கிறேன். நீ ஓட்டு தம்பி.” “ஒழுங்கா தண்ணி குடிச்சிருந்தா இது வந்திருக்காதே!” “குடிச்சிட்டு எங்க போறது? டெப்போவுல பொம்பளைங்களுக்கு ஒரு பாத்ரூம் கிடையாது. கேட்டா, ‘இத்தனை வருஷம் அடக்கலையா’ன்னு மேனேஜர் பல்லைக் காட்டுறாரு.” கணினித் திரையில் கல்லின் வெண்புள்ளி பிளந்து, நொறுங்கி, மணலாகிறது. ஒலி ஓய்ந்ததும் இளைஞர் ஒரு வடிகட்டியையும் மூடியிட்ட சீசாவையும் நீட்டுகிறார். “யூரின்ல வெளிய வர்ற துண்டுகளை வடிகட்டி இதுல சேர்த்து வைங்கக்கா. பரிசோதனைக்கு ரெண்டு போதும்.” “மிச்சம் மேனேஜர் மேசைக்கு. பாத்ரூம் கட்டுற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்.” எழுந்து அமர்ந்தவர், சீட்டுப்பையை இடுக்குவதுபோல் சீசாவை இடுக்கிக்கொண்டு, மற்றொரு கையால் அருகிலிருந்த குவளையை எடுத்து, தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை மடமடவெனக் குடிக்கிறார்.