செல்லத்துரையின் சின்ன விரல்

“அதில கை வச்சியளெண்டா எனக்குப் புருசன் எண்டொருத்தர் இல்லை. இப்பவே சொல்லிப்போட்டன்.”

விபூதிப் புதன் காலமை, இறைச்சி தொடாத நாற்பது நாள் தவக்காலம் தொடங்கின கையோடு, அன்ரனெற் குளியலறை வாசலில் நின்று இப்படிச் சொன்னாள். புருசன் அமிர்தநாதர் தண்ணியின் சூட்டைக் கையால் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். தொட்டிக்குள் இளஞ்சூட்டுத் தண்ணியில் தாடையை ஊன்றிக்கொண்டு கிடந்த உடும்பு நாக்கை நீட்டினது.

உடும்பின் பேர் செல்லத்துரை. புலம்பெயர்ந்து வந்து டோர்செட் பார்க்கில் இவர்கள் இருக்கிற அடுக்குமாடியில், எதிர்வீட்டுக் கஜீவன் வளர்க்கிறது. பொடியனுக்கு எயார்போட்டில் வேலை. கலியாணம் கட்ட யாழ்ப்பாணம் போகவேணும், ஈஸ்டர் முடியத்தான் வருவான். உடும்பை ஆரிட்டை விடுகிறதென்று லிப்டுக்குள் நின்று கவலைப்பட்டான்.

“மன்னாரில பிறந்து வளந்தவன், நான் பாக்காத உடும்பே தம்பி?” என்று அமிர்தநாதர் வாயைக் குடுத்தார். எங்கே பார்த்தவர் என்பதை மட்டும் சொல்லவில்லை. மனுசன் பார்த்த உடும்பெல்லாம் சோத்துக் கோப்பையில் பார்த்தவைதான்.

வந்த உடும்புக்கோ தோலில் வருத்தம். பனிக்காலம் முழுக்க ஹீற்றர் ஓடி வீடு கருவாடாய்க் காய்ந்து கிடந்ததில் அதுக்குத் தோல் ஒழுங்காகக் கழரவில்லை. முதுகில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் துண்டு துண்டாய்த் தொங்கினது. அது பரவாயில்லை, தானாக விழும். இடது பின்னங்காலின் சின்ன விரலில்தான் பழைய தோல் நூல் சுற்றினமாதிரி இறுகிப்போயிருந்தது. அது கழராவிட்டால் ரத்தம் ஓடாது, விரல் போய்விடும் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டாராம்.

நாளுக்கு இருபது நிமிசம் வெதுவெதுப்பான தண்ணி, படுக்கிற பெட்டிக்குள் ஈரப் பாசி, நனைத்த பஞ்சால் மெல்லமெல்ல உருட்டல். “பிச்சு மட்டும் இழுத்துப்போடாதேங்கோ அங்கிள்,” என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுத்தான் கஜீவன் பிளேன் ஏறினான்.

பெத்த பிள்ளையள் நாலு பேரில் ஒன்றுக்குக்கூட நகம் வெட்டிவிடாத அமிர்தநாதர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உடும்பின் காலைப் பிடித்தார். முதல் கிழமை அது வாலால் விளாசினதில் தேத்தண்ணிக் கப் இரண்டு போனது. மூன்றாம் கிழமை, “செல்லத்துரை, குளிக்க வா ராசா” என்றால் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அன்ரனெற் அசையவில்லை. காலமையும் பின்னேரமும் வந்து உடும்பு முழுசாய் இருக்கிறதோ என்று பார்த்துவிட்டுப் போவாள். அஜின்கோர்ட்டில் இருக்கிற தங்கச்சி யோகராணிக்குப் போன் எடுத்து, பெத்த பிள்ளையைத் தூக்காத மனுசன் உடும்பைக் குளிப்பாட்டுது, உந்த மனசுக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாதே என்று நெஞ்சு பொருமுவாள். கோயிலிலும் சொல்லிவிட்டாள். பூசை முடிய பாதிரிச் சுவாமி அமிர்தநாதரின் கையைப் பிடித்து, சோதனை எந்த உருவத்திலும் வரும், செபியுங்கோ என்றார். மனுசனுக்கு மானம் போய்விட்டது.

ஆனாலும் அன்ரனெற் இரக்கம் கெட்டவள் இல்லை. கஜீவன் குடுத்துவிட்ட புழுப்பூச்சி காணாதென்று, வாயில்லாச் சீவன் மெலிஞ்சு போகப்படாது என்று, தன் கையால் முட்டை உடைத்து வைப்பாள்.

ஐந்தாம் கிழமை விரல் கறுக்கத் தொடங்கினது. அமிர்தநாதருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சின்ன விரலைக் காப்பாத்தத் தெரியாதவன் என்று ஊர் சொல்லுமே. அதைவிட, கறியாக்கத்தான் காலைப் பிடிச்சவன் என்றெல்லோ சொல்லும். பஞ்சும் தண்ணியுமாய்த் தொட்டியோடேயே இருந்தார். உடும்பும் அவர் மடியில் தாடையை வைத்துக்கொண்டு கிடந்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய கிழமை செவ்வாயன்று, பஞ்சை உருட்டிக்கொண்டிருக்க, மோதிரம் கழருகிற மாதிரி அந்தத் தோல் கழன்று வந்தது. கறுத்தது பழைய தோல்தான், உள்ளே விரல் பளிச்சென்று இருந்தது. அமிர்தநாதர் அழுதேவிட்டார், பொய் சொல்லக்கூடாது.

கூப்பிட்ட சத்தத்துக்கு அன்ரனெற் ஓடிவந்து பார்த்தாள். இனி ஒரு வருத்தமும் இல்லையோ, முழுச் சுகமோ என்று இரண்டு தரம் கேட்டாள். ஓம் என்றார். நல்லதென்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள்.

கஜீவனோ புதுப் பொம்பிளையோடு ஈஸ்டருக்கு முதல்நாள் சனிக்கிழமையே வந்து இறங்கிவிட்டான். விரலைப் பார்த்து உடும்பைக் கொஞ்சினான், அங்கிளைக் கட்டிப்பிடித்தான். அன்ரியின் காவலைப் பற்றி லிப்டுக்குள்ளேயே ஆரோ சொல்லியிருக்கவேணும். “அன்ரி, நீங்கள் இல்லாட்டி இது மிஞ்சியிராது,” என்று அவள் கையையும் பிடித்தான். அன்ரனெற் சிரித்ததாகப் பேர் பண்ணினாள்.

அவன் உடும்போடு போய்க் கதவு சாத்தினதுதான் தாமதம், அமிர்தநாதர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“பாத்தீரே? கறியாக்கிப் போடுவன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சீர். ஒரு விரல் குறையாமல் குடுத்திட்டன்.”

அன்ரனெற் போய் பிரிட்ஜைத் திறந்தாள். மூடி இறுக்கின போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் டொக்கென்று வைத்தாள். உள்ளே மிளகும் சீரகமும் தேங்காய்ப்பூவும் வறுத்து இடித்த தூள்.

“ஆறு கிழமையா அதைச் சும்மாவே குளிப்பாட்டினனீங்கள்?” என்றாள். “வெட்டின பாவம் உங்களுக்கு, ஈஸ்டர் கறி ரெண்டு பேருக்கும் எண்டெல்லோ நான் இருந்தனான்.”