கேசட் அட்டையில் இருந்தவள்

"யாருடி இது?" என்றாள் செல்லம், கேசட்டின் அட்டையைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு.

மகள் பஞ்சாலை காதில் விழாததுபோல கேசட் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. வேலை முடிந்து வந்த லயத்து வரிசைவீட்டுச் சனம் பாதி பஞ்சாலை வீட்டு வாசலில்தான் நின்றது. தோட்டத்துப் பெண் ஒருத்தி பாடி வெளிவந்த முதல் கேசட் ஆயிற்றே.

பத்துப் பாட்டு. பத்தும் பஞ்சாலையே எழுதிப் பாடியது. உறுமி அதிரும், நடுவில் மலாய்க்காரர்களின் டங்டுட் தாளம் புகுந்துகொள்ளும், அது அடங்குவதற்குள் அவள் ராப் பாணியில் பொரிந்து தள்ளுவாள்.

மூன்றாவது பாட்டு வந்ததும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

காலையில் வேலைக்கு வரிசையில் நிறுத்திப் பெரட்டுக்குப் பெயர் கூப்பிடும்போது, மேற்பார்க்கும் மண்டோர் அவளைக் 'கருவாச்சி' என்றுதான் கூப்பிடுவார். அந்த வார்த்தையையே பாட்டின் முதல் வரியாக்கியிருந்தாள். ஆமாம் கருவாச்சிதான், வெயிலுக்குப் பிறந்தவள்தான், உனக்கு எங்கே எரிகிறது என்று கேட்டது பாட்டு.

உரம் போட்டுப் போட்டு நகமெல்லாம் வெந்துபோன முத்தாயி, அதை மட்டும் திரும்பப் போடச் சொன்னாள். இரண்டாவது முறை கேட்கும்போது அழுதுவிட்டாள்.

தம்பி அர்ச்சுனன் அம்மாவின் கையிலிருந்து அட்டையை வாங்கிப் பார்த்தான்.

அக்காவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கு மேலே, வெள்ளைவெளேரென்று ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் கண்டிராத பெண்.

"படத்த மாத்துறப்ப உன்ன ஒரு வார்த்த கேட்டானாக்கா அந்தக் கடைக்காரன்?"

பஞ்சாலை இல்லையென்று தலையாட்டினாள்.

"குரல் மட்டும் வேணும், மூஞ்சி வேணாமாலா அவனுக்கு?"

சிரம்பானில் கேசட் கடை வைத்திருக்கும் சோலையப்பன்தான் அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிட்டவர். அர்ச்சுனன் பால்வெட்டும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான்.

செல்லம் மகளைப் பிடித்து உலுக்கினாள். "தடுடி அவன! நீ சொன்னாத்தான் கேப்பான்!"

உண்மைதான். ஒரு வாக்கியம் போதும், நின்றுவிடுவான்.

பஞ்சாலை வாய் திறந்தாள். வீட்டுக்குள்ளே ரேடியோவில் அவளுடைய குரல், எவனுக்கும் தலை குனியாதே என்று பாடிக்கொண்டிருந்தது. வாசல் முழுக்க அவளையே பார்த்தது. முத்தாயி ஈரம் காயாத கண்ணோடு, சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வாய் மூடிக்கொண்டது.

மோட்டார் செம்மண் ரோட்டில் இறங்கி ரப்பர் மரங்களுக்குள் மறைந்தது. கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

போன மாதம் சோலையப்பன் இரண்டு படங்களை மேசைமேல் வைத்தார். ஒன்று அவளுடையது. மற்றது ஸ்டூடியோவில் கிடந்த யாரோ ஒரு விளம்பரப் பெண்ணுடையது. அவளுடைய படத்தை விரலால் முன்னே தள்ளி, "இதுதாம்மா பாட்டுக்குப் பொருத்தம்" என்றார் அவர்.

பஞ்சாலைதான் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மற்றதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.