சிவப்பே எரியாத ட்யூனர்

கிடார் கம்பியிலிருந்து ட்யூனருக்கு ஒயரே போகவில்லை.

பேஸ் கிடாரின் பின்மூடியைத் திறந்தவள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். சுருதி சேர்ந்தால் பச்சை, தப்பினால் சிவப்பு காட்ட வேண்டிய ட்யூனர். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு பச்சை பல்பு. தீர்ந்தது.

"என்னங்க, இது என்ன கூத்து?"

கணவன் இழைப்புளியைக் கீழே வைத்தான். பட்டறையில் மரவேலை அவனுடையது, மின்வேலை அவளுடையது. போன மாதம் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது இந்தக் கிடாரின் மின்வேலையை மட்டும் அவனே முடித்திருந்தான்.

"மெதுவாப் பேசு. கிடார்க்காரன் முன்னறையில உட்கார்ந்திருக்கான்."

"இதுக்குப் பேரு ட்யூனரா? கட்டை கெட்டி, ட்யூனர் காலி! கிலுகிலுப்பையில இதைவிட அதிகமா சாமான் இருக்கும்."

"அவனுக்கு அதுதான் மருந்து."

அந்தக் கிடார்க்காரனுக்கு இசைக்குழுவில் வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'. வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்து தடவை இழுத்துப் பார்க்கிற ரகம்.

"முதல்ல நிஜ ட்யூனர்தான் வெச்சேன். சத்தம் அடங்கும்போது லேசா சிவப்பு மினுக்குமில்ல? அதுக்கும் கம்பியைத் திருகினான். பாட்டு நடுவுல திருகினான். 'இன்னொரு தடவை திருகினா வீட்டுக்குப் போயிடு'ன்னுட்டாங்க குழுவுல. ஆனா அவன் காது தங்கம்! ஒரு நாள்கூட சுருதி தப்பினதில்ல. நான் சொன்னா நம்பல. பல்பு சொன்னா நம்பறான்."

"ஊரை ஏமாத்தறதுக்குப் பேரு வைத்தியமா? இருங்க, இப்பவே போய்ச் சொல்றேன்."

நாலு கம்பியையும் வேண்டுமென்றே தளர்த்தினாள். கிடாரைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று முன்னறைக்குப் போனாள்.

"பேட்டரிதானே அண்ணி? மங்கலா எரிஞ்சுது."

"அது இருக்கட்டும். முதல்ல சுருதி சேருங்க, பார்ப்போம்."

தன் சொந்த ட்யூனரில் கேபிளைச் சொருகி, அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு திருகினான்.

நாலு கம்பி. நாலு பச்சை.

கொண்டுவந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"தம்பி... உங்க கிடார்ல இருக்கிற இந்த லைட்டு..."

அவன் பட்டறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"தெரியும் அண்ணி. போன வாரம் மேடையில கம்பியே அறுந்து தொங்குச்சு. அப்பவும் பச்சைதான் எரிஞ்சுது."

அவள் கேபிளைப் பிடுங்கினாள்.

"அப்புறம் எதுக்குப் பேட்டரி மாத்த வந்தீங்க?"

"என் காதை நானே நம்பினதில்ல. அதை நம்பி ஒருத்தர் இவ்வளவு பெரிய பொய்யைத் திருகாணி போட்டு முடுக்கியிருக்காரேன்னு நினைச்சேன். அதுக்கப்புறமும் வீணா திருகறதில்ல. இந்த லைட்டு அணைஞ்சு கிடக்கிறதைப் பார்த்தா பாவம், அண்ணன் பதறிப்போயிடுவாரு. சொல்லிடாதீங்க."

உள்ளேயிருந்து கணவனின் குரல் வந்தது.

"என்ன... சொல்லிட்டியா?"

அவள் புதுப் பேட்டரியைப் பல்லால் பிரித்துக்கொண்டே கத்தினாள்.

"சொல்ல என்ன இருக்கு? ட்யூனர் நல்லாத்தான் வேலை செய்யுது!"